உள்ளூறும் அச்சம்



ஆனி மாதத்தில் நயினை நாகபூஷணி அம்பாளின் மகோற்சவத்தைத் தரிசிக்கச் செல்வோர் புங்குடுதீவின் மேற்கரையிலுள்ள குறிகட்டுவான் துறையை நன்கறிவர். நயினாதீவுக்குச் செல்வோரும் நெடுந்தீவுக்குச் செல்வோரும் அங்கே ஒருங்கு நின்று கடலை நோக்குவர். தீவுகளிற் பிறந்து, கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வைத்தியராயும் பொறியியலாளராயும் கணக்காளராயும் உயர்ந்தோர் திருவிழாவை முன்னிட்டு அத்துறைக்கு மீளும்போது, ஊரவர் அவரைச் சுட்டி, "இவரன்றோ நமது தீவின் புகழ்!" என்று மகிழ்வர். அம்மகிழ்ச்சி தக்கதே. ஆயினும், அப்புகழைக் கேட்டு நிற்பவரது நெஞ்சில் யாது நிகழ்கின்றதென நாம் வினாவுவதில்லை.

அங்ஙனம் போற்றப்பட்ட அன்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன், தமக்கு நித்திரை வருவதில்லை என நம்மிடங் கூறினார். "இறைவன் உமக்கு எல்லாந் தந்திருக்க நீர் கவலுதல் தகுமோ? திருவைந்தெழுத்தை ஓதும், எல்லாஞ் சரியாகும்" என்று சொல்லி அனுப்பினோம். அவர் புன்னகை செய்து சென்றார். பின்னொருநாள் அவரைக் குறிகட்டுவானிற் கண்டபோது அவர் கூறியது இது: "ஐயா, தாங்கள் அன்று அப்படிச் சொன்னபின், அஞ்சுவதும் பக்திக்குறைவென எண்ணி, அதனையுஞ் சேர்த்து மறைத்துக்கொண்டேன்." அச்சொல் நம்மைச் சுட்டது. நாம் செய்த அப்பிழைக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகின்றோம்.

அன்று அத்துறையருகே கட்டியிருந்த சிறு வள்ளமொன்றிலே கடற்றொழிலாளி ஒருவர் அடியில் ஊறிய நீரை வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். கரையில் நின்று நோக்குவார்க்கு அவ்வள்ளம் வண்ணம் மாறாது, கொடி சாயாது, செவ்வனே மிதந்தது. நீர் ஊறுதலை அறிந்தவர் அவர் ஒருவரே. அவர் அதற்கு நாணவில்லை, மறைக்கவுமில்லை, இறைத்தார். உயர்பதவியாளரது உள்ளத்து அச்சமும் இத்தன்மைத்தே. வேலை குறைவின்றி நடத்தலால் பிறர் அதனை அறியார். இறைக்க நாணுதலால் அது பெருகும்.

இவ்வச்சத்தின் இயல்பு யாது? புலியை எதிர்ப்பட்டவனுக்கு இதயம் விரைந்தடித்தலும், மூச்சு மிகுதலும், தசைகள் இறுகுதலும் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடுகளாம். அமெரிக்க உடலியலறிஞர் வால்ட்டர் கனன் 1915 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். புலி அகன்றால் உடல் அமைதியுறும். பரீட்சையும் பதவியும் பெயரும் புலியாகிவிட்டவர்க்கோ அது அகல்வதேயில்லை. இனி, 1978 ஆம் ஆண்டில் போலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர், பெருந்திறமை காட்டிய பெண்மக்கள் பலர், 'யான் இத்தகுதிக்கு உரியேனல்லேன். ஒருநாள் என் பொய் வெளிப்படும்' என உள்ளூர நடுங்குதலைக் கண்டு எழுதினர். ஆடவரும் இதற்கு விலக்கல்லர். இத்தகையார்க்கு ஒவ்வொரு வெற்றியும் ஆறுதலாகாது, வீழ்வதற்குரிய உயரத்தையே கூட்டுகின்றது.

இதன் குறிகளாவன: நள்ளிரவில் விழித்து நாளைய கருமத்தை எண்ணுதல், முடித்த வேலையை மீண்டும் மீண்டும் சரிபார்த்தல், புகழ்ச்சியில் இன்பமும் ஓய்வில் அமைதியும் காணாமை, காரணமறியாத வயிற்றுக்கோளாறும் படபடப்பும், அலுவலகத்தில் இன்முகமும் இல்லத்தில் சினமும், மதுவை மருந்தாகக் கொள்ளுதல். இவற்றுட் பல நெடுநாள் நீடித்து வாழ்வை இடர்ப்படுத்துமாயின், அது சோம்பலன்று, நன்றியின்மையன்று, பக்திக்குறைவுமன்று. மருந்தும் துணையும் வேண்டும் நிலையென்றே கொள்க.

நமது சமயம் இதனை அறியாததன்று. திருவாதவூரர் பாண்டியனிடத்து முதலமைச்சராய்த் தென்னவன் பிரமராயன் என்னும் பட்டம் பெற்றவர். குதிரை வாங்கத் தந்த பொருளைத் திருப்பெருந்துறையிற் சிவப்பணிக்குச் செலவிட்டுப் பின் அரசன் ஓலைக்கு விடைகூற வேண்டி நின்றார் என்பது புராண வரலாறு. உயர்பதவியின் இடரை அவரினும் அறிந்தவர் யாவர்? அவர் அருளிய திருவாசகத்திலே அச்சப்பத்து என ஒரு பதிகமுண்டு. பாம்பு, வேல், பிணி என ஒவ்வொன்றாய்ப் பெயர்கூறி, இவற்றுக்கு அஞ்சேன் என்கின்றார். தாம் அஞ்சுவது அன்பிலாரைக் காண்டற்கே என்று வேறு பிரித்துங் காட்டுகின்றார். அஞ்சுவதே இல்லையென அவர் கூறினாரல்லர். பெயரிட்டுப் பிரித்தலே அச்சத்தை ஆளும் முதற்படி என நாம் இதினின்றுங் கொள்ளலாம்.

ஆகலின், அன்பர்காள், நும் அச்சங்களைத் தாளில் எழுதுமின். நும் கையிலுள்ளனவற்றையும் இல்லாதனவற்றையும் பிரிமின். காலையும் மாலையும் மூச்சை மெல்ல நீள விடுமின், உடல் தளர்வுறும். துயிலுக்குரிய பொழுதை அலுவலுக்கு ஈயாதொழிமின். நம்பத்தக்க ஒருவர்க்கேனும் வாய்விட்டுக் கூறுமின். வைத்தியரை நாடுமின், எண்ணப்போக்கைத் திருத்தும் உளவளச் சிகிச்சையும், வேண்டுழி மருந்தும் பலர்க்குப் பயன்தருகின்றன. இலங்கையில் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் மனநல உதவிக்கென்றே உளது. செபமும் வழிபாடும் இவற்றுக்குத் துணையாவனவேயன்றி இவற்றை விலக்குவன அல்ல. வாளியால் இறைத்துக்கொண்டே அம்பாளை நினைக்கலாமன்றோ?

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும், நம்போற் போதிப்பார்க்கும் ஒரு சொல். துறையில் வந்திறங்கும் பிள்ளையை நோக்கி, "என்ன பதவி? என்ன சம்பளம்?" என்னுமுன், "நன்றாய் உறங்குகின்றாயா?" என்று வினாவுங்கள். விடை வருமட்டும் பொறுத்திருங்கள். வந்தபின் உபதேசத்தால் அதனை மூடாதிருங்கள். அந்த அன்பர் இப்போது வைத்தியரிடஞ் செல்கின்றார். நாமோ வினாவக் கற்றுக்கொண்டிருக்கின்றோம்.

திருச்சிற்றம்பலம்.