பிரம்பும் நாடியும்

1902-ஆம் ஆண்டு லண்டனில் டாக்டர் ஜார்ஜ் ஸ்டில், அறிவிருந்தும் அடங்காத, எதிலும் மனம் நிலைக்காத குழந்தைகளைப் பற்றிப் பேசினார். 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை' என்றார். அவர் வர்ணித்ததில் பலவற்றை இன்று மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் கோளாறாகக் காண்கிறார்கள்.

ஒழுக்கக் குறையென்றால் தண்டனை, கோளாறென்றால் மன்னிப்பு. நடுவே வழியில்லையா?

இருக்கிறது. அதே நாட்டில் இன்று இதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் உண்டு. மருந்து உண்ணும் பையனின் உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பசிக்கிறதா, தூங்கினாயா என்று விசாரிக்கிறார்கள். பெற்றோருக்கும் வழி சொல்கிறார்கள்.

என் கதைகளில் துஷ்டப் பையன் வந்தால், பிரம்போடு ஒரு வாத்தியாரைத்தான் அனுப்பியிருக்கிறேன். 'ஏன் செய்தாய்?' என்று அவர் கேட்பார், 'தூங்கினாயா?' என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பிள்ளைக்குப் பொறுப்பு வேண்டாமா? வேண்டும். தோளுக்கு வலுவேற்றிவிட்டு அல்லவா சுமையை ஏற்ற வேண்டும்?