முற்றத்துக்கு வந்த ஆர்கன்

அந்தப் படத்தில் வீட்டைக் காணோம். வெட்டவெளியில் ஒரு குடும்பம் நிற்கிறது. நடுவில், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் பெட்டி. இடம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக் கஸ்டர் கவுண்டி, அதாவது மாவட்டம். காலம் 1880களின் பிற்பகுதி. வீடு இல்லாமல் இல்லை. அது மண்வீடு. ஊரில் விட்டுவந்த உறவினர் கண்ணில் அது படக்கூடாது என்று வீட்டுக்காரப் பெண்மணி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். அதனால் ஆர்கனை முற்றத்துக்குத் தூக்கிவந்தார்கள். படம் பிடித்து முடித்ததும் திரும்ப உள்ளே சுமந்து போனார்கள்.

படம் எடுத்தவர் சாலமன் புட்சர். 1880இல் நிலம் தேடி வந்தவர். உழவு அவருக்குச் சரிப்படவில்லை. 1886இல் தன் கவுண்டியின் வரலாற்றைத் தொகுக்கக் கிளம்பினார். கவுண்டி அமைந்ததோ 1877இல்தான்! பத்து வயதுகூட ஆகாத ஊருக்கு வரலாறு எழுத ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. 1899இல் அவர் வீடு எரிந்தது. எழுதிவைத்த தாள்கள் சாம்பலாயின. தானியக் கொட்டகையில் இருந்த, படங்கள் பதிந்த கண்ணாடித் தகடுகள் தப்பின. 1901இல் புத்தகம் வந்தது.

அவர் படம் பிடித்த குடியேறிகளுக்கு, 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து பயிர்செய்தால் 160 ஏக்கர் சொந்தம். ஆனால் அந்தப் புல்வெளியில் வீடு கட்ட மரம் கிடைக்காது. கலப்பையால் தரையை உரித்து, வேர் பின்னிய பாளங்களைப் புல்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கோடையில் குளுமை, பனியில் கதகதப்பு. மழை வந்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும். அந்தச் சுவர்களின் முன் தங்களிடம் இருந்ததையெல்லாம் எடுத்துவந்து வைத்துக்கொண்டு நின்றார்கள்: குதிரைகள், அறுத்துவைத்த தர்ப்பூசணி, பறவைக்கூண்டு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு வந்த கறுப்பினக் குடும்பம் ஒன்றும் இருக்கிறது. ஒரு படத்தில், குழந்தையின் கல்லறையைச் சுற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும். அந்தப் படத்தை என்னால் சட்டென்று கடந்துபோக முடிந்ததில்லை.

இந்தக் குடும்பப் படங்களில் பாவ்னி மக்கள் இல்லை. ஊர் அமைத்துப் பயிர்செய்தும் எருமைக் கூட்டங்களை வேட்டையாடியும் அந்தச் சமவெளியில் வாழ்ந்த பூர்வகுடிகள் அவர்கள். 1857 ஒப்பந்தத்தில் பெருநிலப்பரப்பை இழந்து, 1870களில் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக நேர்ந்தது. புட்சர் வண்டி பூட்டியபோது அவர்கள் போய்ப் பத்தாண்டு சொச்சம்தான் ஆகியிருந்தது. நிலம் வாங்கியவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களில் பலர் பரம ஏழைகள். ஆனால் கூச்சத்தால் தன் வீட்டைப் படத்துக்கு வெளியே நிறுத்திய அந்தப் பெண்ணைப் போல, ஒவ்வொரு குடியேற்றமும் தன் தொடக்கத்தைக் காட்டும்போது எதையோ வெளியே நிறுத்திவிட்டுத்தான் காட்டுகிறது. அவர் மறைத்தது தன் ஏழ்மையை. கவுண்டி மறைத்ததோ தனக்கு முன்னிருந்தவர்களை.

முழுதாக மறைக்கவும் முடியவில்லை. 1876இல் லக்கோட்டா, செயேன் வீரர்களோடு நடந்த சண்டையில் மாண்ட படைத்தலைவர் கஸ்டரின் பெயரைக் கவுண்டிக்கு வைத்தார்கள். அதன் தலைநகருக்குப் பெயர் தேடியபோது, வில்சன் ஹியூவிட் என்பவர் அனுப்பிய பெயர்களைத் தபால் துறை திருப்பி அனுப்பியதாம். பூர்வகுடிகள் முகாமிட்டிருந்த பழைய இடத்தில் உடைந்த வில் ஒன்று கிடைத்திருந்தது. அதையே எழுதி அனுப்பினார். ஊர் ‘புரோக்கன் போ’ ஆயிற்று. முறிந்த வில் என்று பொருள்.

மண்வீடுகளில் பெரும்பாலானவை மழையில் கரைந்து மறுபடி தரையாகிவிட்டன. அந்த ஊரில் பிறக்கும் குழந்தையின் சான்றிதழில் இன்றும் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து வருகின்றன: ஊர், முறிந்த வில், கவுண்டி, கஸ்டர்.