பேசாத உரிமையாளர்

கோயில் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு, அது கருவறையில் உறையும் மூர்த்திக்கே உரியது என்றும், அறங்காவலர் அதைப் பேணுபவரே என்றும் இந்தியச் சட்டம் விடை தருகிறது. மூர்த்தியைச் சட்டமுறை ஆளாக, அதாவது மனிதரைப் போலவே சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் தகுதியுடையதாக ஏற்ற நீதிமன்றங்கள், அது தன் நலனைத் தானே எடுத்துரைக்க இயலாமையால் மைனருக்கு நிகராகவும் கருதிவந்துள்ளன. எல்லாம் வல்ல இறைவனை மைனர் என்பது அடியார் மனத்தை உறுத்தலாம். ஆயினும் அச்சொல் ஐயுறுவது இறைவனின் ஆற்றலை அன்று, அவன் பெயரால் கையெழுத்திடுவோரையே.

1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, கோயில் நிலத்தை விற்பதற்கும் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதற்கும் ஆணையரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கி, அதற்கு முன்னர் விவரங்களை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்குமாறு பணிக்கிறது. நியாயமான விலையை அறிவதே நோக்கமெனில் நல்லதொரு மதிப்பீட்டாளர் போதுமே, ஊரை ஏன் கேட்க வேண்டும்? தன் நிலத்தை விற்பவன் யாருக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன். பிறர் நிலத்தை விற்பவன் உரிமையாளரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். அவ்வுரிமையாளர் பேசாதபோது அவருக்காகக் கேள்வி கேட்க ஊரைத் தவிர வேறு வாய் இல்லை. ஆகவே மறைவில் முடிந்த விற்பனை, சரியான விலைக்கே நடந்திருந்தாலும், உரிமையாளரின் வாயை அடைத்த குற்றத்திலிருந்து தப்புவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியத்தில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவராக்கியதன் பின்னே, பிறர் பொருளைக் கையாள்பவர் ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற இந்த உணர்வே இருந்திருக்க வேண்டும்.

அரசின் சொத்துக்கு உரியவர்களில் இனிப் பிறக்கப்போகிறவர்களும் அடங்குவதால், அங்கும் உரிமையாளர் பாதி பேசாதவரே. 2012-இல் அலைக்கற்றை வழக்கில் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், அதே ஆண்டில் வழங்கிய கருத்துரையில், இயற்கை வளங்களை ஏலத்தின் வழியாகவே வழங்க வேண்டும் என்று அரசியலமைப்பு விதிக்கவில்லை எனத் தெளிவாக்கியது. மிகுந்த தொகையே நீதியாகிவிடாது என்பதைக் கோயில் வயலும் காட்டுகிறது: தலைமுறைகளாக உழுதுவரும் ஏழைக் குத்தகைதாரரை விலக்கி, கூடுதலாகக் கேட்பவருக்கு அவ்வயலைக் கொடுப்பதால் மூர்த்தியின் வருவாய் பெருகலாம். ஆனால் அன்னம்பாலிப்பைத் தன் வழிபாட்டின் அங்கமாக வைத்திருக்கும் கோயில் அவ்வருவாயை விரும்புமா என்பதும் ஆணையரின் அறைக்குள் தீர்க்கத்தக்கதன்று. ஆட்சேபம் கேட்கும் அந்த அறிவிப்பின் கீழ், உழுபவரும் அடியாரும் எதிரெதிரே நின்று வாதிட வேண்டிய கேள்வி அது.