யார் கொடுத்த விலை?



ஊர் பார்க்கப் புறப்படுவது முன்னாளில் அரசருக்கும் வணிகருக்கும் ஹஜ்ஜுப் பயணிகளுக்கும் மட்டுமே வாய்த்த பேறாக இருந்தது. இன்றோ நிலைமை வேறு. சில ஆயிரம் வெள்ளி சேர்த்து வைத்த நடுத்தரக் குடும்பமும் பள்ளி விடுமுறையில் ஐரோப்பாவின் பழம்பெருந் தலைநகர் ஒன்றில் மூன்று நாள் தங்கித் திரும்புகிறது. வழிகாட்டி ஒரு சிறு கொடியை உயர்த்திப் பிடித்து முன்னே நடப்பார்; முப்பது நாற்பது பேர் பின்னே செல்வர். அவர் நிற்குமிடத்தில் நிற்பர். அவர் காட்டுவதைப் படம் பிடிப்பர். நான்காம் நாள் விமானம் ஏறிவிடுவர்.

இதனை வீண் விரயம் என்று கடிந்து பேசுவோர் நம்மிடையே உளர். அது முற்றும் பொருந்தாது. பூமியில் பயணம் செய்து, முன்னர் வாழ்ந்து மறைந்தோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை நம்மைப் பன்முறை தூண்டுகிறது. ஆகவே பயணம் தகுமா தகாதா என்று நாம் இங்கே வாதிடப் புகவில்லை. நாம் ஆராயப் புகுவது வேறொன்று. காணச் செல்லும் அழகு பிறர் கண்ணீரால் வந்த பொருளைக் கொண்டு எழுந்ததாயின், அதனை எந்தக் கண்ணோடு காண்பது?

எடுத்துக்காட்டாகப் போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனைக் கொள்வோம். மலாக்காவின் வரலாறும் மலையாளக் கரையின் வரலாறும் அறிந்த நம்மவர்க்கு அந்நகர் முற்றிலும் அந்நியமன்று.

தேஜூ ஆறு கடலை அடையுமிடத்தில், குன்றுகளின் மீது படிப்படியாக அமைந்த அழகிய நகரம் அது. பயணிகளுக்கு முதலில் குன்றின் மேலுள்ள கோட்டையைக் காட்டுவர். அதன் அடிவாரத்தில் குறுகிய சந்துகளோடு கிடக்கும் அல்ஃபாமா என்னும் பழைய குடியிருப்பைக் காட்டுவர். இப்பெயர் அரபு மொழியிலிருந்து வந்தது. பிறகு, 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி நேர்ந்த பெரும் பூகம்பத்தில் அழிந்து, பொம்பால் பிரபுவின் முயற்சியால் நேர் நேரான தெருக்களோடு மீண்டெழுந்த கடைவீதிப் பகுதிக்கு அழைத்துச் செல்வர். மறுநாள் ஆற்றங்கரையில் உள்ள பெலெம் என்னுமிடம். அங்கேதான் அந்நகரின் மணிமுடி எனத் தக்க ஜெரோனிமோஸ் மடாலயம் நிற்கிறது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனுவேல் மன்னர் எழுப்பத் தொடங்கிய கட்டிடம் அது. முடிய ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன. கப்பற் கயிறுகளும் கடற்பொருள்களும் வெண்கல்லில் மலர்ந்து கிடக்கும் வேலைப்பாட்டைக் கண்டவர் வியக்காமல் இருக்க முடியாது. நகரையே தரைமட்டமாக்கிய பூகம்பத்திலும் அது பெருஞ் சேதமின்றி நிலைத்து நின்றது. 1983இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

இவற்றையெல்லாம் வழிகாட்டி சொல்லக் கேட்கலாம். இத்துணைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழ்த்திசையிலிருந்தும் வந்திறங்கிய சரக்கின் மீது நூற்றுக்கு ஐந்து வீதம் வரி விதித்து, அதனைக் கொண்டே இம்மடாலயத்தைக் கட்டினர். மிளகு வரி என்றே அதற்குப் பெயர். அந்த மிளகு நேர்மையான வாணிபத்தால் மட்டும் வந்ததாயின் கேள்வி அத்தோடு முடிந்துவிடும். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

மடாலயக் கோயிலின் வாசலருகே வாஸ்கோடகாமாவின் கல்லறை இருக்கிறது. 1524இல் கொச்சியில் இறந்த அவருடைய எச்சங்களைப் பிற்காலத்தில், 1880இல், இங்கே கொணர்ந்து வைத்தனர். 1498இல் கள்ளிக்கோட்டைக்குக் கடல்வழி வந்தவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அவரை அறிவர். 1502இல் அவர் மீண்டும் வந்தபோது செய்ததைப் பலர் அறியார். மக்கமா நகரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மீரி என்னும் கப்பலை மலையாளக் கரைக்கருகே அவர் படை மறித்தது. அதில் ஹாஜிகளும் வணிகரும் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் இருந்தனர். பெரும் பொருளை ஈடாகத் தருவதாக அவர்கள் மன்றாடினர். தாய்மார் கைக்குழந்தைகளை உயர்த்திக் காட்டி இரக்கம் கேட்டனர். கப்பலிலிருந்த பொருளைக் கவர்ந்துகொண்டு, மனிதரோடு கப்பலுக்குத் தீ வைத்தனர். இதனை எழுதி வைத்தவர் பகைவரல்லர். அதே கடற்படையில் எழுத்தராகச் சென்ற தோமே லோப்பஸ் என்னும் போர்த்துக்கீசியரே.

ஒன்பது ஆண்டு கழித்து, 1511இல், அல்புகர்க் மலாக்காவைக் கைப்பற்றினார். பள்ளிவாசல்களின் கற்களையும் சுல்தான்களின் கல்லறைக் கற்களையும் பெயர்த்தெடுத்து அங்கே கோட்டை கட்டினார். அவருடைய சிலை பெலெமில் உயர்ந்த தூணின் மீது நிற்கிறது. லிஸ்பன் நகரிலேயே, 1551ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் அடிமை. இறந்த அடிமைகளின் உடல்களை எறிவதற்கென்று ஒரு குழி தோண்ட 1515இல் மனுவேல் மன்னரே கட்டளையிட்டார். அந்தக் குழியின் பெயரை ஒரு தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. மடாலயத்தை எழுப்பிய மன்னரும் அவரே என்பதை வாசகர்கள் மறந்துவிடலாகாது.

இந்நிலையில் பார்ப்பவன் என் செய்வது?

'இரத்தக் கறை படிந்த கட்டிடத்தைப் பணம் கொடுத்துப் போய்ப் பார்ப்பதே பாவம்' என்பர் ஒரு சாரார். இவர்கள் சினம் நியாயமானதே. ஆயினும், கண்ணை மூடிக்கொள்வதால் இறந்தவர்க்கு ஒரு நன்மையும் இல்லை. மேலும், வெயிலில் நின்று கல்லைச் செதுக்கிய தச்சன் மீரி கப்பலுக்குத் தீ வைத்தவனல்லன். அவன் கைத்திறனை இகழ்வது அவனுக்குச் செய்யும் அநீதி.

'ஐந்நூறு ஆண்டு கடந்த கதை, கல்லுக்குப் பாவமில்லை, அழகை அழகாகப் பார்த்துவிட்டு வருவோம்' என்பர் மற்றொரு சாரார். இது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் திருடிய பொருளில் விருந்து வைத்தவனிடம் உணவின் சுவையை மட்டும் புகழ்ந்துவிட்டு வருவது எத்தகையது? பொருளை இழந்தவன் வாசலில் நிற்கிறான் என்று அறிந்தும் அவ்வாறு புகழ்ந்தால், நாமும் சிறிதளவு அக்களவில் பங்கு கொண்டவராவோம் அன்றோ? காலம் கடந்ததனால் குற்றம் நற்செயலாகிவிடாது. கேட்பாரற்றுப் போகிறது, அவ்வளவே.

இவ்விரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர் என்பது நமது எண்ணம். ஒருவர் அழகை மறைத்து விலையைச் சொல்கிறார். மற்றவர் விலையை மறைத்து அழகைச் சொல்கிறார். கற்றச்சனின் திறமையும் உண்மை. கைக்குழந்தையை உயர்த்திக் காட்டிய தாயும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய நமக்கு உரிமையில்லை. இரண்டையும் ஒருங்கே மனத்தில் தாங்கிப் பார்ப்பது கடினம்தான். நீதியாகப் பார்ப்பது என்பது அதுவே.

வழிகாட்டியின் பொறுப்பு இங்கே பெரிது. பிறர் அறியாததைத் தாம் அறிந்திருப்பதாலேயே அவருக்குக் கூலி கிடைக்கிறது. எனவே அவர் சொல் ஓர் அமானிதம். மகிழ்ச்சிக்காகப் பணம் கட்டி வந்தவர்களிடம் துயரக் கதை சொன்னால் முகம் சுளிப்பார்களே என்று அவர் அஞ்சலாம். அந்த அச்சம் நமக்குப் புரிகிறது. மூன்று நாளும் ஒப்பாரி வைக்குமாறு அவரை யாரும் கேட்கவில்லை. கல்லறைக்கு முன் ஐந்து நிமிடம் உண்மையைச் சொன்னால் போதும். அவர் சொல்லத் தவறினால், 'இதற்கு விலை கொடுத்தவர் யார்?' என்று பணிவாகக் கேட்பது பார்ப்பவர் கடமை. ஒருவர் கேட்டால் நாற்பது பேர் பதிலைக் கேட்பர்.

கேட்காதவன் எளிதில் ஏமாறுவான் என்பதற்கும் அதே பெலெமில் ஒரு சான்று உண்டு. ஆற்றங்கரையில், கப்பலின் முன்முகம் போன்ற வடிவில், மாலுமிகளும் மன்னர்களும் வரிசையாக நிற்கும் ஒரு மாபெரும் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதனைக் காண்போர் பலர் காமா காலத்துக் கல் என்றே எண்ணிக்கொள்வர். உண்மையில் இன்றுள்ள சின்னம் 1960இல் சலசார் என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே அங்கோலாவில் விடுதலைப் போர் மூண்டது. கோவாவும் போர்த்துக்கல்லின் கையை விட்டு நீங்கியது. குடியேற்ற நாடுகள் நழுவப் போகும் வேளையில் ஓர் ஆட்சி தன் பழம்பெருமையைக் கல்லில் உரக்கச் சொல்லிக்கொண்டது. ஆண்டைக் கேளாதவனுக்கு அது வெறும் வரலாற்றுச் சின்னம்.

ஆயினும் அந்நகர் முழுவதையும் மறதியின் ஊர் என்று பழித்துவிடக் கூடாது. 1506இல், பலவந்தமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களை வெறிபிடித்த கும்பல் கொன்று குவித்தது. அக்கொடுமை தொடங்கிய சாவ் டொமிங்கோஸ் கோயிலின் முன் 2008இல் ஒரு நினைவுக்கல் நாட்டினர். இன்னுமொரு செய்தி நம்மவர் நெஞ்சைத் தொடும். பொன்னானியைச் சேர்ந்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கீசியர் மலையாளக் கரையில் இழைத்த கொடுமைகளை அரபு மொழியில் நூலாக எழுதினார். அந்நூலை அரபு மூலத்தோடு போர்த்துக்கீசிய மொழியில் பெயர்த்து 1898இல் லிஸ்பன் நகரிலேயே அச்சிட்டார் டேவிட் லோப்பஸ் என்னும் அறிஞர். தம் முன்னோர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டைத் தம் கையாலேயே தம் மக்களிடம் கொண்டு சேர்த்தார். காமாவுக்கு நூல்கள் பல இருக்க, இதற்கும் இடம் தந்த அந்த நேர்மையை நாம் போற்ற வேண்டும்.

போற்றுவதோடு நில்லாமல் நம்மையும் அதே தராசில் வைக்க வேண்டும். லிஸ்பனின் கோட்டையை 1147இல் சிலுவைப் போர் வீரர்களின் துணையோடு அபோன்சோ மன்னர் முஸ்லிம்களிடமிருந்து பறித்தார் என்று வருந்துகிறோம். அதற்கு நானூறு ஆண்டு முன்னர் முஸ்லிம்கள் அங்கே சென்றதும் படையோடுதான். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மனிதரை விலைக்கு ஏற்றி வந்த கப்பல்களில் முஸ்லிம் வணிகருடையவும் இருந்தன. போர்த்துக்கீசியர் வருமுன்னரே மலாக்காவில் அடிமைகள் இருந்தனர். நாம் பெருமையோடு பிள்ளைகளுக்குக் காட்டும் மாளிகைகளையும் கோட்டைகளையும் பற்றி, 'விலை கொடுத்தவர் யார்?' என்று நாம் எப்போதாவது கேட்டதுண்டா? தனக்கும் தன் உறவினர்க்கும் பாதகமாயினும் சாட்சியை மறைக்கலாகாது என்பது நமது மார்க்கம் விதித்த கடமை. பிறர் வீட்டில் கேட்கும் கேள்வியைத் தன் வீட்டில் கேளாதவன் நீதி கேட்கவில்லை; வழக்காடுகிறான்.

மலாக்காவில் அக்கோட்டையின் ஒரு வாசல் மட்டும் இன்று மிஞ்சி நிற்கிறது. ஏனையவற்றை 1807இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகள் அங்கே நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். லிஸ்பனுக்குச் செல்ல எல்லோருக்கும் வசதி இராது. மலாக்காவுக்கு பஸ் ஏறப் பெரும்பாலோரால் முடியும். அந்த வாசலின் கற்கள் எங்கிருந்து வந்திருக்கக் கூடும் என்று அடுத்த முறை பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அக்கற்களை நேர்த்தியாக அடுக்கிய கைகளைப் பற்றியும் சொல்லுங்கள். சினமூட்டுவதற்காகச் சொல்ல வேண்டாம். நாளை அவர்கள் எந்நாட்டு மாளிகையின் முன் நின்றாலும், வாய்பிளந்து வியக்கவும் தெரிந்து, வாய்திறந்து கேட்கவும் தெரிந்தவர்களாக நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்லுங்கள்.