இறந்தவருக்குத் தண்டனை உண்டோ?

ஆசிரியப் பயிற்சி முடித்துக் கோவைக்கு அருகே ஒரு பள்ளியில் நாம் பணியாற்றிய நாட்களில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருமுறை கான்சாகிபின் வரலாற்றைக் கூறினோம். தூக்கிலிட்டபின் அவருடலைத் துண்டித்துத் தலையைத் திருச்சிராப்பள்ளிக்கும், கைகால்களைப் பிற ஊர்களுக்கும் அனுப்பினர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் செய்தியைச் சற்று அழுத்தியே சொன்னோம். பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்பார்கள் என்பது நமக்குத் தெரியும். அப்போது ஒரு சிறுவன் எழுந்து, "டீச்சர், வெட்டறப்ப அவருக்கு வலிச்சிருக்குமுங்களா?" என்றான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம்.

க்ஷமாவணி நாளில் யார் யாரிடம் பொறுத்தருளக் கேட்கவேண்டும் என்று எண்ணும்போதெல்லாம் அந்தச் சிறுவனின் முகம் வந்து நிற்கிறது.

கான்சாகிபு என்னும் முகம்மது யூசுப்கான் மதுரையையும் திருநெல்வேலிச் சீமையையும் ஆண்டவர். ஆர்க்காட்டு நவாபும் கம்பெனியாரும் வளர்த்துவிட்ட தளபதி. தனித்து ஆள முற்பட்டதும் அவர்களுக்கே பகைவரானார். நெடிய முற்றுகைக்குப் பின், உடனிருந்தோராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அவரைக் குற்றமற்றவர் என்று வாதிக்க நாம் வரவில்லை. பூலித்தேவர் முதலிய பாளையக்காரர்களை அடக்கிய காலத்தில் அவர் கையும் மென்மையாக இருந்ததில்லை.

சிறுவனின் வினாவுக்கு நம் ஆகமம் காட்டும் விடை எளியது. வலியை உணர்வது உயிர். உயிர் நீங்கிய உடல் வெறும் புற்கலம்; அதனை நூறு துண்டாக்கினும் நீங்கிய உயிர் அறியாது. அப்படியாயின் அத்தண்டனை யாரைச் சென்றடைந்தது? அவரை அஞ்சியும் நம்பியும் வாழ்ந்த ஊர்களுக்கு, அவர் மாண்டார் என்று காட்டுவதே நோக்கமாக இருந்திருக்கும். அந்த நோக்கமும் முழுதும் நிறைவேறவில்லை. மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடம் தர்காவாயிற்று; அவர் பெயரில் கதைப்பாடலும் எழுந்தது.

அமிர்தசந்திரர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் கூறும் கருத்தொன்று இங்கு நினைக்கத்தக்கது. சினம் முதலிய கஷாயங்களுக்கு ஆட்பட்டவன் முதலில் தன் உயிருக்கே ஊறு செய்துகொள்கிறான். பிற உயிர் அதனால் துன்புறலாம், துன்புறாமலும் போகலாம் என்கிறார். பிணத்தை வெட்டும் வாளுக்கு இதனினும் பொருத்தமான விளக்கத்தை நாம் கண்டதில்லை.

ஆயினும் ஓரிடத்தில் நம் மனம் தயங்குகிறது. 1945 ஏப்ரல் 28 அன்று முசோலினி சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் மிலான் நகரின் லொரேட்டோ சதுக்கத்தில் அவருடலை மக்கள் உதைத்தனர், உமிழ்ந்தனர். பின்னர் அது தலைகீழாகத் தொங்கவிடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் அதே சதுக்கத்தில் 15 கைதிகளைப் பாசிசப் படையினர் சுட்டு, உடல்களை ஊரார் காணக் கிடத்தியிருந்தனர். அவர்களைப் பெற்ற தாய் ஒருத்தி அக்கூட்டத்தில் நின்றிருந்தால், 'அம்மா, சினம் தவிர்' என்று சொல்லும் தகுதி நமக்கு உண்டா? இல்லை என்றே தோன்றுகிறது. அவள் சினமும் வினையே. ஆனால், அழுதுகொண்டு அடிப்பவளையும், மேசைமுன் அமர்ந்து எந்த உறுப்பு எந்த ஊருக்கு என்று எழுதுபவனையும் ஒரே தட்டில் வைக்க நாம் உடன்படோம்.

நம் கொங்கு நாட்டையும் ஆண்ட திப்பு சுல்தான் 1799-இல் போரில் மாண்டபோது, கம்பெனியார் அவரைப் படை மரியாதையுடன் தந்தையின் அருகில் அடக்கம் செய்ய விட்டனர். பகைவரின் உடலை மதிக்கத் தெரியாதவர்கள் அல்லர், வேண்டியபோது மதித்தார்கள். 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் ஓடாநிலைக் கோட்டையையோ இடித்துத் தரைமட்டமாக்கினர். கல்லுக்கும் வலியில்லைதான்.

அந்தச் சிறுவன் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கக்கூடும். எங்கேனும் எதிர்ப்பட்டால், "வலிச்சிருக்காது கண்ணு. ஆனா நீ கேட்டது நல்ல கேள்வி, நாங்க சிரிச்சதுதான் தப்பு" என்று சொல்லவேண்டும்.