தோல்வியும் நுகர்வினையும்

மாயூரத்தில் 1969-இல் பிறந்த விசுவநாதன் ஆனந்தர் சதுரங்கத்தில் ஐம்முறை உலகப் பட்டம் எய்தியவர். 2013-இல், தம் 43-ஆம் அகவையில், 22 அகவையினரான நார்வே நாட்டுக் கார்ல்சன் என்பார்க்கு அப்பட்டத்தைச் சென்னையிலேயே இழந்தார். பத்து ஆட்டங்களுள் ஒன்றேனும் வென்றிலர். மறு ஆண்டிலும் எதிர்த்துச் சோச்சியில் தோற்றார்.

இஃது ஊழ் என்று கூறி அமைவார் உளர். அற்றேல், 2017-இல் ரியாத்தில் அவர் விரைவுச் சதுரங்கத்தில் உலக முதன்மை பெற்றதனை மட்டும் திறமென்பரோ? இரண்டும் நுகர்வினையே. நுகர்ச்சிக்கண் 'யான் தோற்றேன், இவனால் தோற்றேன்' என எழும் முனைப்பே ஏறுவினையாகின்றது. ஆகலின் ஆராயற்பாலது அவர் தோற்றமை அன்று. தோற்றபின் எக்கருத்தொடு மீளப் பலகைமுன் அமர்ந்தார் என்பதே. பற்றோ, தொழிலன்போ? புறத்தார் அறிதற்கரிது.

எம் செய்தி யாம் அறிவேம். அறுபது கடந்த யாம், சென்ற மார்கழியில் கோலியனூரில் சிவஞானபோத எட்டாஞ் சூத்திரம் விரிக்குங்கால், உதாரண வெண்பா ஒன்று நாவில் வாராது நின்றேம். எம்பாற் பயின்ற இளைஞரே அதனை எடுத்துக் கொடுத்தார். அவை மகிழ்ந்தது. எமக்கோ உவகைக்கு முன்னே நாணம் வந்தது. நாணத்தின் பின்னே, சொல்லக் கூசுதும், அவர்மீது சிறு வெகுளியும் வந்தது. இருவினையொப்பு என்பதனை நாற்பதாண்டு பாடஞ் சொன்ன நா இஃது!

வரும் தையில் அச்சூத்திரமே மீண்டும் எடுக்கின்றேம். அவ்விளைஞரை முன்வரிசையில் அமரும்படி வேண்டியுள்ளேம்.