தாழிடாத கதவு



நான் வசிக்கும் ரங்கத் நடு அந்தமானில் உள்ளது. வைகாசி முதல் கார்த்திகை வரை மழை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பொழியும் தீவு இது. சென்ற மழைக்காலத்தில் எங்கள் வாசற்கதவு சில இரவுகள் காற்றில் திறந்துகொண்டது. விடியுமுன் கூடமெல்லாம் நீர். இரவில் தாழிடுவது என் மூத்த மகளின் வேலை. “தாழிட்டேன் அப்பா” என்றாள். நான் நம்பவில்லை. பௌர்ணமியன்று குடும்பத்தோடு திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதினோம். அன்று மாலையே அவளைப் பொய்க்காரி என்றேன்.

மறுநாள் கதவைச் சீவிவிட எண்ணி இழைப்புளியை எடுத்தேன். அண்டை வீட்டுத் தச்சர் தடுத்தார். “மழையில் மரம் அகலத்தில் பருக்கும். இப்போது சீவினால் மாசியில் சுருங்கி, பல்லி நுழையும் இடைவெளி விழும். முதலில் கதவைத் தூக்கிப் பாரும்” என்றார். கைப்பிடியைப் பற்றித் தூக்கினேன். கதவு மேலே அசைந்தது. மேற்கீலின் திருகாணிகள் தளர்ந்திருந்தன. படாக்கு மரக்கதவு கனமானது. தன் பாரத்தாலேயே தாழ்ந்துவிட்டது. தாழின் நாக்கில் சுண்ணக்கட்டியைத் தடவித் தள்ளச் சொன்னார். வெண்மை துளைக்குள் படவில்லை. கீழ் விளிம்பில் பட்டிருந்தது. நாக்கின் நுனி அவ்விளிம்பைத் தொற்றி நின்று, காற்று தள்ளியதும் நழுவியிருக்கிறது.

குழந்தை தாழைத் தள்ளியது மெய்யே.

ஆப்பு வைத்துக் கதவை உயர்த்தி, பழைய துளைகளில் மூங்கில் சிம்பு அடித்து, சற்று நீண்ட திருகாணிகளை முடுக்கினோம். அரைமணி நேரத்து வேலை. கதவை ஓரிழைகூடச் சீவவில்லை.

பகவான் இத்தகைய பொருள்களைச் சிறியனவென்று தள்ளியவரல்லர். விநயத்தின் சுள்ளவக்கத்தில், பிக்குகளின் உறைவிடத்திற்குக் கதவும், நிலையும், குடுமி சுழலும் குழியும், தாழும், கயிறு இழுக்கும் துளையும் வரை அனுமதித்திருக்கிறார். எல்லைப்புற நகரத்தின் வாயிற்காவலனைக் கடைப்பிடிக்கு உவமையாகவும் காட்டினார். கண், செவி வழியே வெளியிலிருந்து வரும் தீமையைத் தடுப்பவன் அக்காவலன் என்று மட்டுமே நான் எண்ணியிருந்தேன். அன்று தீமை உள்ளிருந்து, என் வாய்வழியே, வெளியேறியது. காவலன் உறங்கிக்கொண்டிருந்தான்!

பொய்யனின் இலக்கணத்தைப் பகவான் கூறுமிடத்து, சபையில் சாட்சியாக நின்று அறியாததை அறிந்தேனென்றும், காணாததைக் கண்டேனென்றும் உரைப்பவனைச் சுட்டுகிறார். அவள் தாழிடாததை நான் கண்டேனா? இல்லை. ஆகவே அவ்வீட்டில் நான்காம் சீலத்தை முறித்தவன் நான், அவளல்லள். நாம் தம்மத்தை விரும்பித் தேர்ந்து சரணடைந்தவர்கள். ஆயினும் தகப்பன் சொல்லே தீர்ப்பென்னும் பழக்கம் பழைய வீட்டிலிருந்து நம்மோடு வந்துவிடுகிறது. பிள்ளையின் சொல்லை ஒருமுறை சோதித்துப் பார்க்கவும் அது இடந்தருவதில்லை.

அன்றிரவு மகளை அழைத்துத் தாழிடச் சொன்னேன். நாக்கு துளைக்குள் முழுதும் சென்று ‘டக்’கென்றது. நான் கூறியது பொய், பொறுத்துக்கொள் அம்மா என்றேன். அவள் சற்று நேரம் கதவையே பார்த்து நின்றாள்.

“நேற்றும் இப்படித்தான் அப்பா தள்ளினேன்” என்றாள்.